சென்னையை நடந்து பார்க்க எந்த மேப்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பள்ளி விடுமுறையில் மகளை அழைத்துக்கொண்டு சென்னை வருகிறேன். ஜார்ஜ் டவுனில் ஆரம்பித்து, கடற்கரையை ஒட்டியே பெசன்ட் நகர் வரை, சில நாட்களாகப் பிரித்து நடந்து பார்க்க ஆசை. போனைப் பார்த்துக்கொண்டே நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மகளும் மேப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கடையில் பல வகை அச்சு மேப் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், ஈரோடு

பதில்: மகள் கையில் மேப்பைக் கொடுக்க நினைத்தீர்களே, அதற்கே என் வாழ்த்து. நான் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்றைக்கும் ஒரு மேப்பைக் கையில் எடுத்தால் என் கண் அட்டைப் படத்துக்குப் போகாது, மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் ஸ்கேலுக்குத்தான் போகும். நீங்களும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

1:50,000 என்று போட்டிருந்தால், தரையில் ஒரு கிலோமீட்டர் தாளில் 2 சென்டிமீட்டர். மெரினா மணல்வெளி கோட்டைப் பக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர். அந்த ஸ்கேலில் மெரினா முழுவதும் 12 சென்டிமீட்டரில் முடிந்துவிடும். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளுக்கு அதில் கோடு போடவே இடம் போதாது, பெயரை எங்கே எழுதுவது? 1:20,000 என்றால் அதே மெரினா 30 சென்டிமீட்டர். 1:10,000 என்றால் 60 சென்டிமீட்டர். தெருத்தெருவாக நடக்கிறவருக்கு 1:20,000-க்குக் குறைந்த விவரம் உதவாது. ஜார்ஜ் டவுனுக்கு மட்டுமாவது 1:10,000-ல் தனிக் கட்டம் போட்டிருக்கும் மேப்பாகத் தேடுங்கள். பின்னால் இருக்கும் எண் சிறியதாக ஆக ஆக, விவரம் கூடும். இதைப் பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டு, பெரிய எண்ணைப் பார்த்து வாங்கி வந்துவிடுகிறார்கள்.

எண் போடாமல் அளவுகோல் கோடு மட்டும் இருந்தால் பரவாயில்லை, சட்டைப்பையில் ஒரு சின்ன ஸ்கேலோடு போய் அளந்து பாருங்கள். இரண்டுமே இல்லை, ‘அளவுக்கு உட்பட்டதல்ல’ என்று போட்டிருக்கிறது என்றால், அதை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அதை நம்பி ஒரு குழந்தையை வெயிலில் நடக்க வைக்க முடியாது.

அடுத்து, தாள் எங்கே வெட்டுப்படுகிறது என்று பாருங்கள். சென்னை கடலோரமாக வடக்கு தெற்கில் நீண்டு கிடக்கும் ஊர். ஒரே தாளில் அடக்க முடியாமல் முன்பக்கம் பாதி, பின்பக்கம் பாதி என்று அச்சிடுவார்கள். அந்த வெட்டு கூவத்திலோ அடையாற்றிலோ விழுந்தால் நல்லது. ஆற்றைப் பாலத்தில்தான் கடக்கப் போகிறோம், கடந்ததும் தாளைத் திருப்பிக்கொள்ளலாம். மயிலாப்பூர் நடுவில் விழுந்தால் ஒவ்வொரு மூலையிலும் தாளைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். புத்தக வடிவ அட்லஸ் என்றால், ஒரு பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் தெருக்கள் அடுத்த பக்கத்திலும் கொஞ்சம் திரும்ப வருகின்றனவா என்று பாருங்கள். அப்படி வராவிட்டால் பக்கம் மாறும் இடத்தில் வழி தொலையும்.

சரி, ஸ்கேலும் தாளும் தேறிவிட்டன. இனி மேப்புக்குப் பரீட்சை வையுங்கள். உங்கள் வழியிலேயே அதற்குத் தோதாக மூன்று இடம் இருக்கிறது.

முதலாவது ஜார்ஜ் டவுன். ராஜாஜி சாலைக்கும் பிரகாசம் சாலைக்கும் நடுவே, கடலுக்கு இணையாக வடக்கு தெற்கில் தெருக்கள் ஓடும். மூர் தெரு, தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு எல்லாம் தனித்தனிக் கோடாக, தனித்தனிப் பெயரோடு இருக்க வேண்டும். அந்தப் பக்கம் துணிக்குப் பேர்போன கோடவுன் தெரு, காகிதத்துக்கும் கல்யாண அழைப்பிதழுக்கும் பேர்போன ஆண்டர்சன் தெரு இரண்டையும் தேடுங்கள். இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு தெருவும் ஒரு வியாபாரம். தெருப் பெயர் இல்லாத மேப்பால் ஜார்ஜ் டவுனில் ஒரு பயனும் இல்லை.

இரண்டாவது இடம், கலங்கரை விளக்கத்திலிருந்து கடலோரமாகப் பட்டினப்பாக்கம் பக்கம் போகும் லூப் ரோடு. சாந்தோம் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிறது அது. நொச்சிக்குப்பம் தொடங்கி வரிசையாக மீனவர் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே மேப்பில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ரோடும் குப்பங்களின் பெயரும் இருந்தால் வரைந்தவர் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். வெறும் மஞ்சள் நிறம் பூசி மணல் என்று விட்டிருந்தால், நான் அதை வாங்க மாட்டேன். அந்தக் கரையிலிருந்துதான் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போய் வருகிறார்கள். ஹோட்டல் பெயரெல்லாம் தடித்த எழுத்தில் போடத் தெரிந்தவருக்கு ஒரு குப்பத்தின் பெயர் போட இடமில்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. வரைவு மேசையில் உட்கார்ந்திருந்த காலத்திலும் இதற்காக நான் வாதாடியிருக்கிறேன்.

மூன்றாவது, அடையாறு கடலில் சேரும் முகத்துவாரம். இங்கேதான் உங்கள் திட்டத்தில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. பட்டினப்பாக்கத்திலிருந்து மணலிலேயே நடந்து பெசன்ட் நகர் போய்ச் சேர முடியாது. நடுவில் ஆறு. அங்கே இருக்கும் பாலம் எப்போதோ இடிந்து பாதியில் நிற்கிறது, உடைந்த பாலம் என்றே அதற்குப் பெயர் ஆகிவிட்டது. அதை முழுப் பாலம் மாதிரி இரு கரையையும் தொட்டு வரைந்திருந்தால் அந்த மேப்பை நம்ப வேண்டாம். நீங்கள் உள்ளே திரும்பி, திரு.வி.க. பாலத்தில் ஆற்றைக் கடந்து, பிரம்மஞான சபைத் தோட்டத்தை ஒட்டிய பெசன்ட் அவென்யூ வழியாகத்தான் எலியட்ஸ் கடற்கரைக்கு வர வேண்டும். இந்தச் சுற்று வழியை முந்தின நாள் இரவே மகளை விட்டுப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள்.

அவளுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக் கொடுத்தால் போதும். சென்னையில் கடல் கிழக்கே. தெற்கு நோக்கி நடக்கும்போது கடல் இடது கைப் பக்கம் இருக்கும். மேப்பில் இருக்கும் நீலமும் இடது கைப் பக்கம் வருகிற மாதிரித் தாளைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். எழுத்து தலைகீழாகத் தெரியும், தெரியட்டும். மூலை வந்ததும் எந்தப் பக்கம் திரும்புவது என்று அவளே சொல்லிவிடுவாள்.

இன்னொன்று. இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைக்காகக் கலங்கரை விளக்கம், லஸ் போன்ற இடங்களில் அவ்வப்போது வழியை மாற்றி விடுகிறார்கள். எந்த அச்சு மேப்பிலும் அது இருக்காது. அங்கே மட்டும் தடுப்புப் பலகையைப் பார்த்தும், பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டும் போங்கள்.

கேள்வி: பழைய புத்தகக் கடையில் சென்னைத் தெரு மேப் ஒன்று கிடைத்தது. வருடம் போடவில்லை. எந்தக் காலத்து மேப் என்று கண்டுபிடிக்க வழி உண்டா? அதை வைத்துக்கொண்டு சுற்றலாமா?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: வழி உண்டு தம்பி, நல்ல வேலை இது. ரயில் பாதையில் ஆரம்பி. பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கம் வரை வந்தது, 1997-ல் திருமயிலை, 2007-ல் வேளச்சேரி. மெட்ரோ 2015-ல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவில் தொடங்கியது. 2019-ல் வண்ணாரப்பேட்டை வரையும், 2021-ல் விம்கோ நகர் வரையும் நீண்டது. எந்த நிலையம் வரை போட்டிருக்கிறது, எது இல்லை என்று பார்த்தால் இரண்டு வருடங்களுக்கு நடுவில் மேப்பைப் பிடித்துவிடலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வரப்போகும் பாதையைப் புள்ளிக்கோடாக முன்கூட்டியே அச்சிடும் வழக்கம் உண்டு. முழுக்கோடாக இருப்பதை மட்டும் கணக்கில் எடு.

அப்புறம் பேருந்து நிலையம். வெளியூர்ப் பேருந்துகள் பிராட்வேயிலிருந்து கிளம்புவதாக இருந்தால் 2002-க்கு முந்தியது, ஏனென்றால் அந்த வருடம்தான் கோயம்பேடு நிலையம் திறந்தது. கிளாம்பாக்கம் இருந்தால் அது 2023 டிசம்பருக்குப் பிந்தியது. மாநகராட்சி எல்லையும் சாட்சி சொல்லும். 2011-ல் 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அம்பத்தூரும் ஆலந்தூரும் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருக்கின்றனவா, உள்ளேயா என்று பார். மேலே தலைப்பில் மெட்ராஸ் என்றே அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1996-க்கு முந்தியதாக இருக்கும்.

மெரினாவின் வடக்கு முனையைப் பார்க்க மறக்காதே. அண்ணா, எம்.ஜி.ஆர். நினைவிடங்கள் மட்டுமா, 2016-ல் ஜெயலலிதாவையும் 2018-ல் கருணாநிதியையும் அடக்கம் செய்த இடங்களும் இருக்கின்றனவா என்பதை வைத்தே பத்து வருடக் கணக்கைச் சுருக்கிவிடலாம்.

மேப் ரொம்பப் பழையதாக, நூறு வருடத்துக்கு முந்தியதாக இருந்தால் இன்னொரு விஷயம் கண்ணில் படும். துறைமுகச் சுவர் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் தடைபட்டுத் தெற்குப் பக்கத்தில் சேர்ந்தது. மெரினா அகலமானது அப்படித்தான். மணல் வந்து சேராத வடபக்கம், ராயபுரம் கரையைக் கடல் அரித்தது. பழைய தாளையும் புதுத் தாளையும் ஒரே ஸ்கேலுக்குக் கொண்டு வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். கரைக்கோடு ஒரு பக்கம் முன்னே வந்திருக்கும், இன்னொரு பக்கம் பின்னே போயிருக்கும். ராயபுரம் மக்கள் வீடு இழந்த கதை அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிறது.

அதை வைத்துக்கொண்டு தாராளமாகச் சுற்று, ஆனால் துணை மேப்பாக. உள்தெருக்கள் அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கும். மேம்பாலம், ஒருவழிப் பாதை, பேருந்து நிறுத்தம் இவற்றுக்குப் புது மேப்பைப் பார்.

கேள்வி: நான் வாங்கிய மேப்பில் டி.டி.கே. சாலை என்று இருக்கிறது. உறவினர் மௌபரீஸ் ரோடு என்று வழி சொல்கிறார். மேப்பில் பழைய பெயர் இருக்க வேண்டுமா, புதியதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டும் வேண்டும். பலகையில் புதுப் பெயர், பெரியவர்கள் வாயில் பழைய பெயர். டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை இன்னும் பலருக்கு எட்வர்ட் எலியட்ஸ் ரோடு. பெரியார் ஈ.வெ.ரா. சாலையை பூந்தமல்லி ஹைரோடு என்றுதான் ஆட்டோவில் சொல்கிறோம். பாரதி சாலை என்பது பைகிராப்ட்ஸ் ரோடு. நல்ல மேப்பில் சாலையின் மேலேயே இரண்டு பெயரும் இருக்கும், அல்லது பின்னால் உள்ள பெயர் அட்டவணையில் பழைய பெயரைத் தேடினால் புதுப் பெயருக்கு அனுப்பும். உங்களுடையதில் இல்லாவிட்டால் உறவினரையே பக்கத்தில் உட்கார வைத்து, பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் அட்டவணையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்கிறேன். இரண்டாவது அவென்யூ பெசன்ட் நகரில் இருக்கிறது, அண்ணா நகரிலும் இருக்கிறது. பிள்ளையார் கோயில் தெரு, காந்தி தெரு எத்தனை பேட்டையில் என்று சொல்லி முடியாது. அதனால் அட்டவணையில் தெருப் பெயருக்குப் பக்கத்திலேயே பகுதியின் பெயரும், அதற்குப் பிறகு அந்தத் தெரு மேப்பில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் எண்ணும் இருக்க வேண்டும். பகுதிப் பெயர் இல்லாத அட்டவணையை வைத்துக்கொண்டு ஒரு விலாசத்தையும் பிடிக்க முடியாது.

கேள்வி: லேமினேட் செய்த மேப் வாங்கலாமா, சாதாத் தாள் போதுமா?
– வாசகர், மதுரை

பதில்: சாதாத் தாளே வாங்குங்கள், கொஞ்சம் கனமான தாளாக. லேமினேட் செய்ததில் பென்சில் எழுதாது. கடற்கரை வெயிலில் பளபளத்துக் கண்ணைக் கூசும். மடிப்பில் சீக்கிரம் விரிசல் விட்டு, அந்த விரிசல் வழியாக ஈரம் உள்ளே போய்த் தங்கிவிடும். எங்கள் காலத்தில் களத்துக்குக் கொண்டுபோகும் தாளைத் துண்டுகளாக வெட்டி, மடிப்பு வரும் இடத்தில் சின்ன இடைவெளி விட்டு, துணியில் ஒட்டி வைப்போம். தாள் மடியாது, துணிதான் மடியும். வீட்டில் ஒரு பழைய பருத்தி வேட்டித் துண்டும் மைதாப் பசையும் இருந்தால் நீங்களும் செய்யலாம். நன்றாகக் காய்ந்த பிறகு மடியுங்கள்.

மழைக்கும் வியர்வைக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை போதும். அன்றைக்குப் போகும் பகுதி மேலே வரும்படி மடித்து உறையில் போட்டுக்கொண்டால் நடுத்தெருவில் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மெரினாவில் பிற்பகலில் கடல்காற்று எழுந்துவிட்டால் முழுத் தாளை விரிப்பது நடக்காத காரியம்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. சென்னையில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருக்கப் போகிறேன். கோயில், கடற்கரை என்று தனியாகப் போய்வர ஆசை. தமிழில் மேப் கிடைக்குமா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: அம்மா, தனியாகப் போய்வர வேண்டும் என்ற உங்கள் ஆசை நிறைவேற வேண்டும். தமிழில் மேப் இருக்கிறது. ஆனால் கடைகளில் அதிகம் காண்பது சுவரில் மாட்டும் பெரிய மேப். அதில் பகுதிகளும் முக்கியச் சாலைகளும் இருக்கும், சின்னத் தெருக்கள் இருக்காது. ஊரின் திசை புரிய அது உதவும், வாங்கி மகன் வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். தமிழர் வாழும் ஊருக்குத் தெருத்தெருவாகத் தமிழில் ஒரு நல்ல கைமேப் எளிதாகக் கிடைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய குறை. பதிப்பாளர் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள். வாங்க ஆள் இருக்கிறார்கள், இதோ இந்த அம்மா இருக்கிறார்.

இப்போதைக்கு ஒரு வழி சொல்கிறேன். மகன் வீட்டைச் சுற்றியுள்ள பகுதி மட்டும் பெரிய ஸ்கேலில் இருக்கும் ஆங்கில மேப் ஒன்று வாங்கி, அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் கடையில் இரண்டு மடங்கு பெரிதாக்கச் சொல்லுங்கள். மகனையோ பேரப்பிள்ளையையோ கூப்பிட்டு, நீங்கள் நடக்கப் போகும் தெருக்களின் பெயரைத் தமிழில் எழுத வையுங்கள். தெருவோடு கோயில், பால் பூத், மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம் எல்லாவற்றையும் எழுதட்டும். பேருந்து நிறுத்தத்தில் வண்டி எண்ணும் சேர்த்து எழுதுங்கள். தெருப் பலகைகளில் தமிழ் இருப்பதால் எழுதினதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே போகலாம். முதல் வாரம் பேரப்பிள்ளையோடு போய், நீங்கள் மேப்பைப் பிடியுங்கள், அவர்கள் பின்னால் வரட்டும். ஓரத்தில் மகன் வீட்டு விலாசமும் போன் எண்ணும் இருக்கட்டும்.

கேள்வி: சுற்றுலா அலுவலகத்தில் இலவசமாகக் கொடுக்கும் மேப் போதாதா? எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?
– வாசகர், சேலம்

பதில்: வாலாஜா சாலையில் தமிழ்நாடு சுற்றுலா வளாகம் இருக்கிறது, போய்க் கேட்டுப் பாருங்கள். கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த அருங்காட்சியகம், எந்தக் கோயில் எங்கே என்பதற்கு அந்த மாதிரி மேப் போதும். பேருந்திலும் ஆட்டோவிலும் போய் இறங்குகிறவர் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். தெருவில் நடக்கிறவருக்குப் போதாது. விலைக்கு வாங்க, அண்ணா சாலையில் 1844 முதல் இருக்கும் ஹிக்கின்பாதம்ஸ் மாதிரி பழம்பெரும் புத்தகக் கடைகளில் விசாரியுங்கள். ஜனவரியில் வந்தால் புத்தகக் காட்சியிலும் பார்க்கலாம். எங்கே வாங்கினாலும் உறையைப் பிரித்து விரித்துப் பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தெருமூலையை மேப்பில் தேடிப் பாருங்கள், அது சரியாக இருந்தால் காசு கொடுங்கள்.

கேள்வி: பாண்டிச்சேரிக்கும் இதே கணக்குதானா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: அங்கே இவ்வளவு சிரமம் வேண்டாம். பழைய நகரம் சின்னது, தெருக்கள் நேர்க்கோடு. நடுவில் ஓடும் கால்வாய்க்குக் கிழக்கா மேற்கா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பிரெஞ்சுப் பெயரும் தமிழ்ப் பெயரும் சேர்ந்து இருக்கும் ஒற்றைத் தாள் மேப் போதும்.

கேள்வி: மேப் மீது எனக்குத் தனி ஆர்வம். சென்னையில் அது தொடர்பாகப் பார்க்க ஏதாவது இடம் இருக்கிறதா?
– பள்ளி ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: இருக்கிறது, உங்கள் மாணவர்களையும் அழைத்து வாருங்கள். கிண்டி பொறியியல் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத்தான் ஆரம்பித்தது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்தில், 1792-ல் அமைந்த பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண் நிற்கிறது. அது அலுவலக வளாகம், முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

மூன்றாவது பரங்கிமலை. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் பணிக்கு, ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன், முக்கோணங்களுக்கெல்லாம் ஆதாரமான முதல் நேர்கோட்டை 1802 ஏப்ரலில் தரையில் அளக்கத் தொடங்கியது அதன் அடிவாரத்துக்குப் பக்கத்தில்தான். 100 அடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப நீட்டி, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்தை அளந்து முடிக்க 57 நாள் ஆனது. பசங்களிடம் 100 அடிக் கயிறு ஒன்றைக் கொடுத்து, உங்கள் பள்ளி மைதானத்தை இரண்டு தடவை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு தடவையும் ஒரே விடை வருகிறதா என்று அவர்களே பார்க்கட்டும். அதற்குப் பிறகு மலைக்கு அழைத்து வாருங்கள். புறநகர் ரயிலில் பரங்கிமலை நிலையத்தில் இறங்கலாம். காலையிலேயே ஏறிவிட்டால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். கையில் சென்னைத் தெரு மேப் ஒன்று இருந்தால், விமான நிலைய ஓடுபாதையையும் அடையாற்றையும் மேலிருந்தே பசங்கள் அதில் அடையாளம் கண்டுபிடிப்பார்கள்.